சந்தை நடுவே நின்ற வீட்டு வண்டி

வீட்டு வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களுக்குத் தொலைக்காட்சி தேவையில்லை, பக்கத்து வண்டி போதும். யார் வண்டியில் யார் சமைக்கிறார்கள், யார் மூன்று ஊராக மனைவியோடு பேசவில்லை, யார் கழிவுத் தொட்டியைக் கொண்டுபோய் யாருடைய சோளக்காட்டோரம் கொட்டினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே அடுத்த ஊரில் வண்டிகள் தங்கும் திடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மரிவோனும் அவள் புருஷன் ஜோயலும் இந்த ஜூன் மாதம் வால்பெர்னாக் சந்தையில் நடத்திய கூத்து இந்நேரம் தென்கோடிக் கடற்கரை வரைக்கும் போயிருக்கும். போனது எங்களோடு திடல் திடலாக வரும் ஜினெட் சொன்ன கதை. ஜினெட்டுக்குக் கதை நன்றாக வரும், உண்மை அவ்வளவாக வராது. அதனால்தான் இதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மரிவோன் கெம்பேர் நகரத்தில் காலமெல்லாம் செருப்புக் கடையில் வேலை பார்த்தவள். அடுத்தவர் காலடியில் மண்டியிட்டு, "விரல் இடிக்குதா பாருங்க மேடம்" என்று கேட்டுக் கேட்டே முட்டி தேய்ந்துபோனது. வீடு ஜோயலின் அம்மா விட்டுப்போனது. அம்மாவின் அலமாரி, அம்மாவின் கடிகாரம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மழை பெய்தால் சுவர் நனைந்திருக்கும், பெய்யாவிட்டால் காய்ந்திருக்கும், பார்ப்பதற்கு வேறொன்றும் கிடையாது. ஜோயல் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றதும் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே அடங்கிய வீட்டு வண்டி ஒன்று வாங்கினான். வசந்தத்தில் கிளம்பினால் இலையுதிர்கிற வரை திரும்புவதில்லை. காலையில் திரையைத் தூக்கினால் ஒரு நாள் ஆறு, ஒரு நாள் மாதாகோயில் மணிக்கூண்டு, ஒரு நாள் முகத்துக்கு நேரே அசைபோடும் பசு. இந்த வண்டி இல்லாமல் போனால் என்று நினைத்தாலே மரிவோனுக்கு அந்தச் சுவர்தான் கண்முன் வந்து நிற்கும்.

நினைக்க வைப்பவனும் ஜோயல்தான். மாலையில் நாலு வண்டிக்காரர்கள் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு கிளாஸ் சோம்புச் சாராயத்தில் தண்ணீர் ஊற்றி வெளுக்க வைக்கிற நேரத்தில் அவனுக்கு ஒரு வசனம் உண்டு. "நான் என்னைக்கு ஸ்டியரிங் பிடிக்க முடியலையோ, அன்னைக்கே இவளை வித்துருவேன்." இவள் என்றால் வண்டி. அப்படித்தான் மரிவோன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏன், மரிவோன் ஓட்டமாட்டாளா என்று அந்த நாலு பேரில் ஒருத்தரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. அவளிடம் லைசென்ஸ் இருந்தது. ஊரில் சின்னக் காரை அவள்தான் ஓட்டுவாள். ஆனால் வீட்டு வண்டி உலகத்துக்கென்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங் ஆணுடையது. பின்னால் இறங்கி நின்று, "வா, வா, இன்னும் வா, நில்லு!" என்று கை காட்டுவது பெண்ணுடையது. எங்காவது இடித்துவிட்டால் தப்பு கை காட்டியவள் மேல். திடலுக்குள் ஒரு வண்டி பின்பக்கமாக நுழைகிறது என்றால் அத்தனை ஜன்னல் திரையும் ஒரு விரற்கடை விலகும். எத்தனையோ கல்யாணத்தின் உள்விவகாரம் அந்த ஐந்து நிமிடத்தில் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. நாங்களும் பார்த்திருக்கிறோம், பார்க்கவில்லை என்று சொல்வானேன்.

இந்த வருஷம் ஜோயலுக்குப் புதிதாக ஒரு ஞானம் பிறந்திருந்தது. மெதுவாகப் போக வேண்டும் என்கிற ஞானம். பெருஞ்சாலை வேண்டாமாம். மாட்டு வண்டி வேகத்தில் ஊர் ஊராகப் போகலாமாம். பின்னால் கார்கள் வால் பிடித்து நின்று ஹாரன் அடித்தால், "நாம என்ன தபால் வண்டியா ஓட்டறோம்? அவனுக்கு அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்" என்பான். வெயில் சாய்வதற்கு வெகு முன்பே நிறுத்திவிடுவான். திடல்களில் நெருக்கமாகப் போட்ட கட்டங்களுக்குள் நுழையாமல், காலியாகக் கிடக்கும் ஊர் மைதானங்களைத் தேடிப் போய் நடுவில் நிறுத்துவான். உணவு விடுதியில் மெனுவை மரிவோனிடம் தள்ளி, "நீ படி, உன் குரல்ல கேட்டாத்தான் பசிக்குது" என்பான். அவளுக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவன் இப்படிப் பேசியதில்லை. வயதானால் சில ஆண்கள் கனிந்துவிடுவார்கள் என்று திடல் பெண்களிடம் பெருமையாகச் சொல்லிக்கூட வைத்தாள். ஜினெட் அப்போதே, "கனிஞ்சா சீக்கிரம் அழுகவும் செய்யும், பாத்துக்கோ" என்றாள். ஜினெட்டின் வாய் அப்படி.

வால்பெர்னாக்குக்கு அவர்கள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஆற்றங்கரையில், கால்பந்து மைதானத்துக்குப் பின்னால் அழகான திடல் இருக்கிறது. நாங்கள் ஏழெட்டு வண்டிகள் அங்கேதான் இருந்தோம். ஜோயல் திடல் வாசல் வரை வந்தான், இரண்டு கல்தூண்களுக்கு நடுவே நுழைய வேண்டும் என்று தெரிந்ததும் உதட்டைப் பிதுக்கினான், மேட்டுக்கு ஏறிப் போய்விட்டான். மேலே ஊர் நடுவில் பெரிய சதுக்கம். சுற்றி நிழல் விரித்த பிளேன் மரங்கள், நடுவில் கல் நீரூற்று, ஒரு பக்கம் ஊராட்சி மன்றம், ஒரு பக்கம் காபிக்கடை. சதுக்கம் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. அது ஏன் காலியாக இருக்கிறது என்று இந்த நாட்டில் வெள்ளிக்கிழமை மாலையில் யாராக இருந்தாலும் யோசிப்பார்கள்.

மரிவோனும் யோசித்தாள். "அந்தக் கம்பத்துல ஏதோ போர்டு இருக்கே, என்னன்னு பாரு" என்றாள், உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே.

ஜோயல் இறங்கிப் போனான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு போர்டின் முன்னால் நின்றான். கோயில் ஓவியத்தைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துக்கூடப் பார்த்தான். திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல. லாரிக்குத்தான் தடை" என்றான். கிழங்கு வெந்தது, வெண்ணெய் போட்டுச் சாப்பிட்டார்கள், நன்றாகத் தூங்கினார்கள்.

விடியும்போது மரிவோனுக்குக் கோழி வறுக்கும் மணம் வந்தது. கனவு என்று புரண்டு படுத்தாள். கனவில் யாரோ இரும்புக் குழாயைக் கீழே போட்டார்கள், யாரோ யாரையோ கழுதை என்றார்கள். எழுந்து திரையைத் தூக்கினாள். கண்ணாடிக்கு ஒரு முழ தூரத்தில் ஒரு ஆளின் பின்புறம். குனிந்து செர்ரிப் பழக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மறுபக்கத் திரையைத் தூக்கினாள். அங்கே வரிசை வரிசையாக ஆட்டுப்பால் சீஸ். பின் ஜன்னலில் கோழிக்காரனின் அடுப்பு. புகை முழுக்கக் கூரைத் திறப்பு வழியாக அவர்கள் படுக்கைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. சந்தை அவர்களைச் சுற்றி விடியவிடிய முளைத்திருந்தது, ஏதோ ஒரு பாறையைச் சுற்றி முளைத்த மாதிரி.

கதவைத் தட்டினார்கள். தட்டியது ரோஸ்லின், சீஸ்காரி. அகலமான பெண்மணி, அகலமான ஏப்ரன். அவள் அம்மா காலத்திலிருந்து மூன்றாவது பிளேன் மரத்தடிதான் அவர்கள் இடம். அந்த இடத்தில்தான் இப்போது வண்டியின் முன் சக்கரம் இருந்தது.

"மேடம், நீங்க எந்திரிச்சதுக்கு நன்றி" என்றாள் ரோஸ்லின். "தூக்கம் நல்லா இருந்துச்சா? இப்ப ஒரு விஷயம் சொல்றேன். உங்க கக்கூஸ் மூடி எங்க இருக்குன்னு வந்து பாருங்க."

மரிவோன் இரவு உடையோடு இறங்கிப் பார்த்தாள். வண்டியின் விலாவில் கழிப்பறைத் தொட்டியை வெளியே எடுக்கிற சிறு கதவு. அதற்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், ரோஸ்லினின் சீஸ் தட்டு.

"என் சீஸுக்கு ஏற்கெனவே வாசனை உண்டு. உங்க உதவி வேண்டாம்" என்றாள் ரோஸ்லின். செர்ரிக்காரன் சிரித்தான். கோழிக்காரன் அடுப்பை விட்டுவிட்டு வந்து சிரித்தான்.

"தப்புதான், மன்னிச்சிருங்க. போர்டுல லாரிக்குத்தான் தடைன்னு…" என்றாள் மரிவோன்.

"எந்த போர்டு? அதா?"

மரிவோன் நடந்து போய்ப் பார்த்தாள். கம்பத்தில் மஞ்சள் பலகை. எழுத்து ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கை அகலம் இருந்தது. சனிக்கிழமை சந்தை, வெள்ளி இரவு முதல் வண்டி நிறுத்தக் கூடாது, மீறினால் இழுத்துச் செல்லப்படும். லாரி என்ற வார்த்தையே அதில் இல்லை. காபிக்கடை வாசலில் இருந்துகூட வாசித்துவிடலாம். அவன் இதன் முன்னால் நின்றான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

புரிய அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. பலகையைப் பார்த்தபடி நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் இந்த வசந்தம் முழுவதும் அவள் மனசுக்குள் திரும்பி ஓடியது. மாட்டு வண்டி வேகம். காலி மைதானங்கள். "நீ படி, உன் குரல்ல கேட்டாத்தான் பசிக்குது." எழுதுவதெல்லாம் பொய் என்று சொல்லிப் பேப்பர் வாங்குவதை நிறுத்தியது. போன வாரம் மலைப்பாலத்தில் எதிரே வந்த பால் வண்டியை அவன் கடைசி நொடி வரை கண்டுகொள்ளாதது. கனிந்தானாம். இவள் திடல் திடலாகப் பீற்றிக்கொண்டாளாம். மரிவோனுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது ஜோயல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தான். பைஜாமாவுக்கு மேலே சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. இன்ஜின் உறுமியது. ஊர்க் காவலர் விசிலோடு வந்துவிட்டார். கடைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே குடைகளை மடக்கி, மேசைகளை இழுத்து, வண்டி போகிற அளவுக்கு ஒரு சந்து உண்டாக்கினார்கள். இதற்குள் ஆற்றங்கரைத் திடலில் இருந்து ரொட்டி வாங்க வந்த ஜினெட் கையில் இரண்டு நீள ரொட்டியோடு நீரூற்றுப் பக்கம் வாகாக இடம் பிடித்துவிட்டாள். அவளுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுமோ.

"மரி! எங்க போய்த் தொலைஞ்சே? முன்னாடி போய் நின்னு கை காட்டு!" என்று கத்தினான் ஜோயல். பிறகு ஊருக்குக் கேட்கும்படி, "போர்டைப் பாருன்னு இவகிட்ட சொன்னேன். சொல்லிப் பிரயோஜனம்?" என்றான்.

சந்தை ஆண்கள் புரிந்தது போலத் தலையாட்டினார்கள். எந்த ஊர் ஆணுக்கும் புரிகிற வாக்கியம் அது.

மரிவோன் முன்னால் போகவில்லை. நேரே வந்து ஓட்டுநர் கதவைத் திறந்தாள்.

"இறங்கு."

"என்னது?"

"இறங்குன்னேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "பைத்தியமா உனக்கு? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நானும் பாத்துட்டுத்தான் வர்றேன். போர்டைப் பாத்தேன்."

ஜோயலின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குச் சற்று மேலே, முடியைப் பார்த்தான். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது, எத்தனையோ நாளாக அவன் அப்படித்தான் பார்க்கிறான்.

"இங்க சொல்லாதே" என்றான், உதடு அசையாமல். "சத்தம் போடாதே, மரி. வெளிய எடுத்துர்றேன். அப்புறம் பேசிக்கலாம்."

"இத்தனை ஜனம் நிக்குது. கூடை, கோழி, குழந்தை. எடுத்துருவியா? அதோ நீல ஏப்ரன் போட்ட அம்மா எங்க நிக்கிறாங்க, சொல்லு."

அவன் பார்வை முன்கண்ணாடி நெடுக அங்கும் இங்கும் தேடியது. நீல ஏப்ரன் போட்ட அம்மா ரோஸ்லின்தான். பம்பருக்கு இரண்டடி முன்னால் கை கட்டி நின்றுகொண்டிருந்தாள்.

ஊர்க் காவலருக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, மேடம், குடும்பச் சண்டைக்கு வெள்ளிக்கிழமை வாங்க, இன்னைக்கு சந்தை. யார் ஓட்டறது? யாராவது ஒருத்தர் ஓட்டுங்க!"

"நான்" என்றாள் மரிவோன்.

அந்த ஒரு சொல்லுக்குச் சதுக்கமே ஓவென்றது. செர்ரிக்காரன் கூடைகளை இன்னும் ஒரு கஜம் பின்னால் இழுத்தான்.

"அந்தாளே ஓட்டட்டுமே, சீக்கிரம் ஆகும்" என்றாள் ரோஸ்லின்.

"மரிவோன், கண்ணு, நீ எப்பவாவது இதை ஓட்டியிருக்கியா?" என்றாள் ஜினெட், அக்கறை சொட்டச் சொட்ட.

"இல்ல. நீ எப்பவாவது வாயை மூடியிருக்கியா? ரெண்டு பேருக்கும் இன்னைக்குத்தான் முதல் தடவை."

ஜோயல் குனிந்து அவள் காதருகே வந்தான். இந்த முறை கெஞ்சவில்லை. "நல்லா கேட்டுக்கோ. நான் இந்த சீட்டை விட்டு இறங்கினா, திங்கக்கிழமையே வண்டி விலைக்குப் போயிரும். நான் சொன்னா செய்வேன். வீட்டுக்குப் போய் உக்காந்துக்கலாம், ரெண்டு பேரும்."

சுவர் வந்து நின்றது. நனைந்த சுவர், காய்ந்த சுவர். அம்மாவின் கடிகாரம். மரிவோன் அதை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு முன்னால் போய் நின்று கை காட்டினால் போதும். இன்றைக்கு வண்டி தப்பும். அடுத்த ஊரும் தப்பலாம். என்றாவது ஒரு நாள் எவளோ ஒருத்தி பம்பருக்கு இரண்டடி முன்னால் கை கட்டி நிற்பாள், அவள் தப்பமாட்டாள். அன்றைக்கும் ஊர் சொல்லும், கை காட்டினவ மேலதான் தப்பு.

"இறங்கு, ஜோயல்."

அவன் இறங்கினான். யாரையும் பார்க்காமல், வீட்டுச் செருப்பு தரையில் தேய, காபிக்கடைக்குப் போய்ச் சதுக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். பைஜாமாவோடு வந்த ஆளுக்குக் காபி கொடுக்கலாமா என்று கடைக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

மரிவோன் ஏறினாள். கால் எட்டவில்லை. இருக்கையை முன்னால் இழுத்தாள், இன்னும் இழுத்தாள், ஸ்டியரிங் வயிற்றைத் தொடுகிற வரை இழுத்தாள். கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். இருக்கைக்கு அடியில் ஜோயலின் முதுகு வலி மெத்தை இருந்தது, எடுத்துப் பின்னால் எறிந்தாள். சந்தை மொத்தமும் ஆலோசனை சொன்னது. இடதுபக்கம் ஒடிங்க மேடம். வலதுபக்கம் ஒடிங்க மேடம். நேரா விடுங்க. கோழி மேல மட்டும் விடாதீங்க. ஜினெட் இரண்டு ரொட்டிகளையும் விமானத்துக்குக் கை காட்டி நிறுத்துகிறவன் மாதிரி தூக்கிப் பிடித்து முன்னால் வந்தாள். மரிவோன் ஜன்னல் வழியாக எட்டி, "ரொட்டியை இறக்கு. எனக்கு யாரும் கை காட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

வண்டி ஒரு தரம் குதித்து நின்றது. சிரிப்பு. மறுபடி குதித்து நின்றது. பெரிய சிரிப்பு. மூன்றாவது தரம் நகர்ந்தது.

ஜினெட் சொல்லும் கதையில் இந்த இடத்தில் பாதிச் சந்தை தரைமட்டமாகிவிடும். நடந்தது இதுதான். செர்ரிக்காரனின் குடைக் கம்பி ஒன்று மடங்கியது. மரிவோன் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "குடைக்கு நான் பொறுப்பு, உங்க விலாசத்தைக் காவலர்கிட்ட குடுங்க" என்றாள். பிறகு நீரூற்றைச் சுற்றித் திரும்ப வேண்டியிருந்தது. வண்டியின் முன்பகுதி திரும்பியது, நீளமான பின்பகுதி இன்னும் திரும்பவில்லை. நீரூற்றின் கல் விளிம்பு வண்டியின் விலா நெடுகக் கிறீச்சென்று ஒரு கோடு இழுத்தது. பல் கூசுகிற சத்தம். காபிக்கடையில் ஜோயலின் முதுகு நிமிர்ந்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பிரேக் போடுவாள், இறங்குவாள், அழுவாள் என்று காத்திருந்தார்கள்.

அவள் பிரேக் போடவில்லை. கோடு போட்டுக்கொண்டே நீரூற்றைத் தாண்டினாள். பிளேன் மரங்களைத் தாண்டினாள், மஞ்சள் பலகையைத் தாண்டினாள், சாலையில் இறங்கினாள். ரோஸ்லின் மூன்றாவது மரத்தடிக்குத் தன் மேசையை இழுத்துக்கொண்டே, "ஓட்டத் தெரியல. ஆனா போயிட்டா பாரு" என்றாள். அவள் வாயிலிருந்து அது பாராட்டு.

ஊர் எல்லையில் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் மரிவோன் வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். காபி போட்டாள். கைபேசியிலேயே கெம்பேர் கண் டாக்டரிடம் நேரம் கேட்டாள். நவம்பரில்தான் கிடைக்கும் என்றது திரை. இந்த நாட்டில் கண்ணுக்கு வியாதி வருவதற்கு ஐந்து மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லிவைக்க வேண்டும். அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபியைக் குடித்தாள். அவனைக் கூப்பிடப் போகவில்லை.

ஜோயல் வந்தான். வீட்டுச் செருப்போடு, சாலையின் ஓரக் கோட்டை ஒட்டி ஒட்டி நடந்து. பத்தடி பின்னால் ஜினெட்.

"கூட்டிட்டு வந்துட்டேன், மரிவோன்! பாவம், தனியா எப்படி வருவார்னு…" என்று ஆரம்பித்தாள் ஜினெட். உள்ளே எட்டிப் பார்க்கக் கழுத்து நீண்டது.

"ரொம்ப நன்றி. ரொட்டி ஆறுது, கிளம்பு" என்று மரிவோன் கதவைச் சாத்தினாள். அதனால்தான் ஜினெட் சொல்கிற கதை இங்கே முடிகிறது. மீதியை மரிவோனே பிற்பாடு என்னிடம் சொன்னாள், நான் வற்புறுத்திக் கேட்டதால்.

ஜோயல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். "விலா பூரா கோடு" என்றான். விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

"ஆமா."

"விக்கும்போது விலை குறையும்."

"விக்கறதா இருந்தா உன் பாதியை வித்துக்கோ. பின்பக்கத்தை எடுத்துக்கோ, கட்டில் இருக்கு, கக்கூஸ் இருக்கு. எனக்கு முன்பாதி போதும். சக்கரம் எல்லாம் சேர்ந்து நாலு, ஆளுக்கு ரெண்டு."

அவன் சிரிக்கவில்லை. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே, "மூக்கு தெரியல" என்றான்.

"என்ன?"

"உன்னைப் பாத்தா முடி தெரியுது, காது தெரியுது. நடுவுல கண்ணாடில வெண்ணெய் தடவின மாதிரி. மூக்கு, வாய், ஒண்ணும் தெரியல. குளிர்காலத்துல இருந்து."

"குளிர்காலத்துல இருந்து! அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு மலைப்பாலத்துல என்னை ஏத்திட்டுப் போயிருக்கே. பால் வண்டிக்காரனுக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கும், அந்த நினைப்பு இருந்துச்சா உனக்கு? உன் குரல்ல கேட்டாத்தான் பசிக்குதாம்!"

"அது நிஜந்தான்."

"பேசாதே."

அவள் காபியை ஊற்றி அவன் கைக்கு நேராக நகர்த்தி வைத்தாள். குரல் இறங்கவில்லை.

"சொன்னா வண்டியைக் குடுத்துரணும், வீட்டுல உக்காந்து சுவரைப் பாக்கணும். அதுக்குப் பயந்துதானே சொல்லல?"

"நீ ஓட்டுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டியா நீ? ஒரு தடவையாவது கேட்டியா?"

அவன் கோப்பையின் காதைத் துழாவினான். அவளிடமும், கேட்காமலே ஏன் இத்தனை வருஷம் ஓட்டாதவர் உட்காரும் வலதுபக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தாய் என்று யாராவது கேட்டால், பதில் இருந்திருக்காது. அது அவளுக்கும் தெரிந்தது. அதில் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது.

"நல்லா கேட்டுக்கோ, ஜோயல். நீ இனிமே இதைத் தொடமாட்டே. சாவி என் கைப்பைக்குள்ள இருக்கும். மாவட்டத் தலைநகர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. திங்கக்கிழமை காலையில அங்க போறோம். நவம்பர்ல வான்னு சொன்னா, அவங்க கார் நிறுத்துற இடத்துல வண்டியைப் போட்டு நவம்பர் வரைக்கும் அங்கயே குடித்தனம் பண்றேன். கயிறு கட்டி உன் பைஜாமாவைக் காயப் போடுவேன். பாத்துட்டு எவனாவது சீக்கிரம் கூப்பிடுவான்."

"காவலாளி விரட்டுவான்."

"விரட்டிப் பாக்கட்டும். வண்டியை எடுக்கத் தெரியாதுன்னு சொல்லுவேன்."

ஜோயலின் மீசை ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாது. கோப்பையைக் காலி செய்தான். "கண் திரும்பலைன்னா?" என்றான்.

"திரும்பலைன்னா திரும்பல. நான் பாத்துச் சொல்றேன், நீ கேட்டுக்கோ. பசு வந்தா பசுன்னு சொல்றேன்."

அவன் எழுந்தான். பழக்கத்தில் ஸ்டியரிங் இருக்கும் இடதுபக்கம் போகக் கால் எடுத்தான். நின்றான். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு வலதுபக்க இருக்கைக்குப் போய் உட்கார்ந்தான். பெல்ட்டைத் தேடினான். அவள் உதவவில்லை. அவனே கண்டுபிடித்து மாட்டிக்கொள்ளும் வரை காத்திருந்தாள்.

வண்டி இந்த முறை ஒரு தரம்தான் குதித்தது. பாதை கிழக்கே வளைந்தது. வைக்கோல் வாசனை, இரண்டு பக்கமும் வேலியோரப் பாப்பிப் பூக்கள். பின்னால் ஒரு கார் வந்து ஒட்டியது, அதன் பின்னால் இன்னொன்று.

"வெயில் மூஞ்சியில அடிக்குது" என்றான் ஜோயல். "வீடு பின்பக்கம் இருக்கு."

"தெரியும்."

"எங்க போற? ஆஸ்பத்திரி திங்கக்கிழமைதானே?"

"நாளைக்கு மலைக்கு மேல ஒரு ஊர்ல ஞாயித்துக்கிழமை சந்தை. குடை விக்கிறாங்களாம், அந்தச் செர்ரிக்காரனுக்கு ஒண்ணு வாங்கணும்."

சாலை மேடேறத் தொடங்கியது. இன்ஜின் திணறிக் கத்தியது. பின்னால் இருந்த கார் நீளமாக ஹாரன் அடித்தது, அதன் பின்னால் இருந்ததும் சேர்ந்துகொண்டது. ஜோயல் இருக்கையில் நெளிந்தான், கால் தன்னால் இல்லாத பெடலை மிதித்தது.

"ஓரங்கட்டி விடு, மரி, பாவம் அவங்க. மூணாவது கியர் போடு. இன்ஜின் கத்துறது கேக்கலையா? மூணு போடு!"

மரிவோன் மேடு முடியும் வரை இரண்டிலேயே ஏறினாள்.